எடை

பின்தெருவில் ஓடு பிரித்து இறங்கினார்கள்.
மறுநாளே நாய் வேண்டும் என்றார் குணசீலன்.
வெள்ளி கடைக்காரருடையது,
கூலி மட்டும்தான் எங்களுடையது.
போனால் பத்து வருடம் உழைத்தாலும் தீராது.

சிவதாபுரத்தில் கொலுசு செய்யும் வீடு எங்களுடையது.
அவர் பொடி வைத்து ஊதுவார்,
நான் மணி கோப்பேன்.
இரண்டு அறை, ஒரு ஜன்னல்.
இதுவரை வளர்த்தது
ஒரு கறிவேப்பிலைச் செடி.
அதுவும் பட்டுப்போயிற்று.

ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர்
நீலக்கண் நாயைக் காட்டினார்.
ஏசிக்கு நேர் கீழே கிடந்தது.
சித்திரைச் சேலத்தில்
வேறு எங்கே கிடக்கும்?
"பனிநாட்டு ரத்தம், ஆனா பழகிடும்."
பொடி வைத்துப் பேசுவதை
எங்களிடமா காட்டுவது?
கரண்ட் போனால் என்ன செய்யும் என்றேன்.
ஜெனரேட்டர் இருக்கிறதே என்றார்.
நாய் ஒரு கண்ணைத் திறந்து
என் பிளாஸ்டிக் செருப்பைப் பார்த்தது.

ஓமலூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பில்
ராஜபாளையம். பால்வெள்ளை,
மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு.
பெண் பார்க்க வந்தவர்போல்
வேட்டியைச் சரிசெய்துகொண்டார் குணசீலன்.
அவிழ்த்துவிட்டார்கள்.
கடைசி மரத்தைத் தொட்டு
நாங்கள் வாய் மூடுவதற்குள் வந்து நின்றது.
நான் மனதுக்குள் எங்கள் அறையை அளந்தேன்.
அங்கே அது ஒருமுறை திரும்பினால்
பட்டறை கவிழ்ந்துவிடும்.
"கட்டிப் போட்டுக்கலாம்" என்றார்.
"யாரை?" என்றேன்.
ஜங்ஷன் வரும்வரை பேசவில்லை இருவரும்.

மிளகு மூட்டை இறக்க வந்த பையன் சொன்னான்,
ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில்
பெர்னதெத் அக்கா வீட்டில் ஐந்து குட்டிகள்,
அப்பன் யாரென்று தெரியாது, காசு வேண்டாம்.

குட்டி பார்க்கப் போனோம்.
அந்தம்மா முதலில் எங்களைப் பார்த்தார்.
மழையில் யார் வெளியே கூட்டிப்போவது?
பொங்கலுக்கு ஊருக்குப் போனால்?
ஊதுகுழல் நெருப்பு எந்த உயரத்தில்?
கடைசியாக,
"பன்னண்டு வருஷம் இருக்கும். நீங்க இருப்பீங்களா?"
சர்க்கரைக்காரர் குணசீலன்
விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.
"இருப்பேன்."
கல்யாணத்தன்றுகூட
இவ்வளவு யோசித்துச் சொன்னதில்லை எனக்கு.

காலியான காபிக் களத்தில்
குட்டிகள் உருண்டுகொண்டிருந்தன.
அவர் கண் கறுப்பின் மேல்.
அது ஓடிவந்து காலைக் கவ்வியது.
இதுதான், இதுதான் என்றார்.
நான் பையிலிருந்து கொலுசை எடுத்து
ஒருமுறை உதறினேன்.

கறுப்பு குரைத்தது, நிறுத்தவே இல்லை.
ஒன்று சில்வர்ஓக் மரத்துக்குப் பின்னால் போயிற்று.
இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடின.
செம்பட்டை மட்டும்
காதை நிமிர்த்திக் கேட்டது,
என்னைப் பார்த்தது,
ஒரு கொட்டாவி விட்டுக் கண்ணை மூடியது.

விடிந்தால் அடைந்தால் எங்கள் வீட்டில்
இந்தச் சத்தம்தான்.
"இதுவா காவல் காக்கும்?" என்றார்.
"இது நம்மகூட இருக்கும்" என்றேன்.

இறங்கும்போது
பதினைந்தாம் வளைவில் மடியில் வாந்தி எடுத்தது.
ஒன்பதில் மறுபடி.
அடிவாரம் வந்தபோது
என் சேலை அதற்குப் பழகியிருந்தது.
பஸ்ஸில் எல்லோரும் பேர் கேட்டார்கள்.
இன்னும் வைக்கவில்லை.

மூன்றாம் வாரம்
ஒரு கொலுசு குறைந்தது.
நாலு தடவை எண்ணினோம்.
யாரைச் சந்தேகப்படுகிறார் என்று
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
இரவு சாக்கை உதறப் போனேன்.
செம்பட்டையின் வயிற்றுக்கடியில்
ஈரமாய், வெதுவெதுப்பாய்,
மணிகளுக்கு நடுவே
அரிசி அரிசியாய்ப் பல் தடம்.

காவல் காக்க வந்தவன்
வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

குணசீலன் ஒன்றும் பேசவில்லை.
துடைத்துத் தராசில் வைத்தார்.
முள் நிற்கும்வரை காத்திருந்தார்.
எடை சரியாக இருந்தது.