இருபத்தேழு டாலர் முன்னால்

ரீனோவில் இந்த ஓட்டலின் அடித்தளத்துக்கு
சன்னல் கிடையாது.
சுவர் முழுக்கத் திரைகள்.
ஒன்றில் ஃப்ளோரிடா வெயில்,
ஒட்டினாற்போல் கலிஃபோர்னியாவின் சேறு,
அதற்குக் கீழே ஒரு குதிரை
கூண்டுக்குள் போகமாட்டேன் என்கிறது.
எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

இங்கே பணம் நிஜமில்லை.
ரேஸுக்கு இரண்டு டாலர் வின், இரண்டு டாலர் பிளேஸ்,
எல்லாம் காகிதத்தில்.
பரிசு மட்டும் நிஜம்.

முப்பத்தோரு வருடம்
மினசோட்டாவின் வடமேற்கில்
சர்க்கரைக் கிழங்கு லாரிகளை எடை போட்டவள் நான்.
சுமையோடு ஒரு தடவை,
இறக்கிவிட்டு ஒரு தடவை,
நடுவில் இருக்கும் வித்தியாசத்துக்குத்தான் ரசீது.
அந்தக் கண்ணோடுதான் குதிரையையும் பார்த்தேன்:
எதன் முதுகில் எத்தனை பவுண்டு,
எது களைத்தது, எது ஒளித்து வைத்திருக்கிறது.
நல்ல குதிரையை நல்ல குதிரை என்று சொல்லிச் சொல்லி
முதல் மூன்று வருடம்
நாற்பதாம் இடத்தைத் தாண்டவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
ஜெயிக்கிற குதிரை
அறையில் எல்லோர் சீட்டிலும் இருந்தால்
அது ஓடவே இல்லை என்று வைத்துக்கொள்.
ஆறுக்கு ஐந்து என்று மினுக்கும் ராஜகுமாரனை விடு.
பலகையின் கீழ்மூலையில்,
பதினைந்துக்கு ஒன்று, பதினெட்டுக்கு ஒன்று என்று,
காலில் கட்டோடு நிற்கிறதே,
அதற்கு ஒரு காரணம் தேடு.
இருபதுக்கு மேல் கணக்கில் ஏறாது,
ஆகவே ஐம்பதுக்கு ஒன்றைக் காதலிக்காதே.
பத்தில் எட்டு முறை மூக்கை உடைக்கும்.
மீதி இரண்டில் ஊருக்குத் திரும்ப டிக்கெட்.

ஆனால் அது பின்னால் இருப்பவர்களின் வேலை.
பன்னிரண்டில் பதினொன்று முடிந்துவிட்டது,
நான் முதலில் இருக்கிறேன்.
இருபத்தேழு டாலர் கீழே
ஏழாம் மேசையில் என் தம்பி ஓரின்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவனின் தொப்பியோடு.

ஃபேவரிட் வந்தால் தப்பினேன்.
நீள விலைக் குதிரை வந்து
அது அவனிடம் இருந்து
என்னிடம் இல்லாமல் போனால்
தொலைந்தேன்.
எனக்குப் பிடித்த குதிரை எது என்பது
இப்போது கேள்வியே இல்லை.

அவனுக்குப் பிடித்தது எது என்றறிய
ரேஸ் புத்தகம் வேண்டாம்.
சாம்பல் நிறத்தில் ஒன்று ஓடினால் அதுதான்.
ஐந்து வயதிலிருந்தே அப்படி.
இரண்டு கல்யாணமும் அப்படியே,
பார்த்தான், போட்டான்.
கடைசி ரேஸில் ஒரே ஒரு சாம்பல்:
நாலாம் நம்பர், லேட் நோட்டீஸ்,
பதினெட்டுக்கு ஒன்று.
என் கணக்கில் ஒன்பதாவதாக வர வேண்டியது.

நாலையே போட்டேன்.
மறிப்பது என்று இதற்குப் பெயர்.
அவன் ஏறினால் நானும் ஏறுவேன்,
விழுந்தால் கூடவே விழுவேன்,
அதே இருபத்தேழு டாலர் மேலே.

நாலு வந்தது.
வெளிப்பக்கமாக, உடம்பில் சேறே படாமல்,
மூன்று நீளத்தில்.
பலகை இரண்டு முறை கண் சிமிட்டியது.
நான் முதல்.
இரண்டாவது, சாக்ரமெண்டோவின் பல் டாக்டர் பெஹ்ரூஸ்.
ஓரின் நாலாவது.

பஃபே வரிசையில் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றான்.
"நாலைப் போடலையா?"
"நீ போடுவேன்னு தெரியும்.
அதான் ஒன்பது."
"ஒன்பது?"
"இன்னும் ஓடிட்டிருக்கு."

சரியாகத்தான் விளையாடியிருக்கிறான்.
இரண்டாமிடத்தில் இருந்தால்
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
சொல்லவில்லை.
மசித்த உருளைக்கிழங்கை
அவன் தட்டிலும் ஒரு கரண்டி வைத்தேன்.

அவன் தட்டைப் பார்க்கவில்லை.
திரையில் சாம்பல் குதிரையின்
சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.
ஜாக்கி அதைக் கையில் ஏந்தி,
சேறு வழிய,
எடைமேடையில் ஏறினான்.