அளக்க வந்தவள்

இந்தக் கட்டடத்தில் லிஃப்டுக்கும் பசி.
ஏறக் காசு, இறங்கக் காசு.
இருபது தெத்ரி விழுந்தால்தான் அசையும்.
துறை அதைத் திருப்பித் தராது.
ஏழு மாடி நடக்கிறேன்,
கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை,
காலணியில் சியாத்துராவின் கறுப்புத் தூசி.
நான்காம் மாடியை மட்டும்
சுவரைப் பார்த்தபடி கடக்கிறேன்.

என்னை யாரோ முன்பே பார்த்துவிட்டார்கள்.
மேலே கனமான ஏதோ
தரையில் இழுபடும் ஓசை.

கதவைத் திறந்தவள் குராந்தா கபனாட்ஸே.
மூச்சு வாங்குகிறது.
சோபாவில் அவள் கணவன் ஜும்பெர்,
இடது கால் இல்லை:
சுரங்கம் எடுத்துக்கொண்டது, ரசீது கொடுக்காமல்.
பிள்ளைகள் இரண்டு. இளையவள்
என் கோட்டின் பொத்தான்களை எண்ணுகிறாள்,
நான் அவர்கள் நாற்காலிகளை எண்ணும்போது.

எத்தனை அறை? இரண்டு.
குளிருக்கு எதை எரிக்கிறீர்கள்? விறகு.
போன மாத மின்கட்டணம்? சீட்டை நீட்டுகிறாள்.
வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி?
இந்தக் கேள்விக்கு எல்லா வீட்டிலும்
ஒரே மாதிரி தொண்டையைச் செருமுகிறார்கள்.
அதற்கும் ஓர் எண் இடுகிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
படி என் கையில்.
தானியம் யாருடையது?
குத்தாயிசியில் சோப்பு வாங்கியவன்
சோப்போடு சேர்த்துக் கொடுத்தது.
போத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவளுக்கு
சம்பளம் கைக்கு வருமுன்பே கழிந்தது.
ஜும்பெரும் கொடுத்திருக்கிறான்,
இரண்டு காலும் இருந்த வருஷங்களில்,
மாதா மாதம் முணுமுணுத்துக்கொண்டு.
பெயரில்லாமல் பானைக்குள் விழுகிற காசு
பெயரோடுதான் வெளியே வர வேண்டும்.
அந்தப் பெயரை எழுத எனக்குச் சம்பளம்,
அதுவும் அதே பானையிலிருந்து.

துணி எப்படித் துவைக்கிறீர்கள்?

கையால், என்கிறாள் குராந்தா.

குழாயடியில் ஒரு சதுரம்:
அங்கே மட்டும் லினோலியம் புதிதாய்ப் பச்சை.
மூலையில் தொங்கும் போர்வைக்கு அடியிலிருந்து
நுரையோடு ஒரு நீர்க்கோடு
மெல்லப் புறப்பட்டு, பலகைச் சந்துகளைத் தாண்டி,
என் காலணியை நோக்கி வருகிறது.
பாரியில் கிழவர் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் தங்கை
அனுப்பியதாக இருக்கும்.
அந்த இயந்திரத்தை எழுதினால்
இவர்கள் கோட்டுக்கு மேலே.
எழுதாவிட்டால் கீழே.
கோடு எங்கே ஓடுகிறது என்று
தலைநகரில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்;
இங்கே அது ஈரமாக, சோப்பு வாசத்தோடு.

நாற்காலியில் காயும் கட்டுத்துணிகளைப் பார்க்கிறேன்.
ஜும்பெரின் கால் முடியும் இடத்துக்கு
தினமும் நான்கு.

பாதத்தைத் தூக்கி நகர்த்திக்கொள்கிறேன்.
கையால், என்று அழுத்துகிறேன்.
உறுதியா? என்று கேட்கிறது திரை.
ஆம்.

இளையவள் ஈரத்தைத் தன் காலுறையால் துடைக்கிறாள்.
யாரும் நன்றி சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
நான் அழித்து எழுத வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது ஜும்பெர் சட்டைப்பையைத் துழாவி
இருபது தெத்ரியை நீட்டுகிறான்:
எங்கள் வீட்டிலிருந்து நடந்து இறங்காதே, பெண்ணே.

மறுத்திருக்கலாம்.
எதையும் வாங்கக்கூடாது என்பது விதி.
ஆனால் நான்காம் மாடியில் சியூரி இருக்கிறாள்.
வசந்தத்தில் இதே கேள்விகளுக்கு
ஒளிக்காமல் பதில் சொன்னவள்.
ஃபிரிட்ஜ் இருக்கிறது என்றாள்,
கதவைத் திறந்து உள்விளக்கையும் காட்டினாள்.
இருக்கிறது என்று எழுதினேன்.
உதவி நின்றது. ஃபிரிட்ஜை விற்றாள்.
மறுபடி விண்ணப்பிக்க நாள் எண்ணுகிறாள்.
இப்போது அவள் வெண்ணெய்
ஜன்னலுக்கு வெளியே, பையில்,
பனிக்காற்றில் ஆடுகிறது.

நாணயத்தைப் போடுகிறேன்.
லிஃப்ட் முனகி இறங்குகிறது.
ஆறு. ஐந்து.
கதவிடுக்கில் ஒரு விரல் அகல வெளிச்சம்
என் முகத்தில் விழுந்து
மேலேறிப் போகிறது.