எட்டு அங்குலம்

கேரட் இறக்கிய வெற்றுச் சாக்குகளுக்கு அடியில்
அது காந்தலுக்கு வந்து சேர்ந்தது.
மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக் கடையில்
எடைக்குப் பேசி வாங்கினாராம் அருளப்பன்.
ஆர்எக்ஸ்-இசட். ஐந்து கியர்.
சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகிக் கிடந்தது,
சைலன்சர் வாயில் குளவி மண்கூடு.
"உனக்குத்தான்" என்றார்,
அளவு தெரியாமல் ஜாக்கெட் எடுத்து வந்தவர் மாதிரி
முகத்தைப் பார்க்காமல்.

நைட் டியூட்டி முடிந்த காலைகளில்
வார்டு வாசனையோடே அதன் முன் உட்காருவேன்.
கையுறை ஆஸ்பத்திரியுடையது.
ஃபோர்க் ஆயில் அளப்பது ஐம்பது மில்லி சிரிஞ்சில்.
டீசலும் பிஸ்டனும் ஒன்பது நாள் பேசிக்கொண்டன.
பத்தாம் நாள் மரக்கட்டை வைத்து ஒரு அடி.
அது நகர்ந்தபோது
பிரசவ அறையில் பிறர் வாயில் கேட்டிருந்த சத்தம்
என் வாயிலிருந்து வந்தது.

ஜனவரியில் புல் வெளுத்தது.
புது பேரிங்குகளைப் பையில் சுற்றி
முட்டைக்கோஸ் பாத்தி நடுவே
இரவு முழுக்க உறைபனிக்குக் கொடுத்தேன்.
குளிரில் எஃகு ஒடுங்கும்,
சூட்டில் அலுமினியம் இடம் விடும்,
வேண்டியது மயிரிழை.
விடியுமுன் என்ஜின் கூட்டை அடுப்பில் ஏற்றி
எச்சில் விரலால் தொட்டுப் பார்த்தேன்:
சுர்.
கையில் ஒட்டிக்கொண்ட பேரிங்கைக் குழிக்குள் விட்டேன்.
சுத்தியல் இல்லை, திட்டு இல்லை.
டக்.
உள்ளறையில் புரண்டு படுத்தவர்
"பால் பொங்குதா?" என்றார்.

இந்த ஊர் மேகத்துக்குக் கதவு தட்டும் பழக்கமில்லை.
டாங்க்கில் அடித்த பெயிண்ட்
மூன்று முறை பால்பூத்து வெளுத்தது.
நாலாவது முறை, பிப்ரவரி,
பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே கிடைத்த வெயிலில்
கருநீலம் நின்றது.
எந்த நிறமானாலும் சரி, ஆரஞ்சு வேண்டாம் என்று மட்டும்
சொல்லியிருந்தார். தினம் ஐந்து டன் பார்ப்பவர்.

பிறகு சீட்.
ஒல்லியாக, ஓராளுக்கு, பின்னால் சின்னக் கூம்பு.
சட்டத்தின் வாலில் சாக்பீஸ் கோடு போட்டு
கிரைண்டரை வைத்தேன்.
எட்டு அங்குலம் கீழே விழுந்து உருண்டது.
லோடு முடித்து வந்தவர் விளக்கைப் போட்டார்.
வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"நான் எங்க உக்கார்றது?"
கேலி இல்லை. குறையும் இல்லை.
மூட்டையை எந்தப் பக்கம் ஏற்றலாம் என்று
கேட்கும் அதே குரல்.

எல்லாம் அளந்திருந்தேன்.
என் தொடை, என் கைநீளம்,
குனிந்தால் நெஞ்சுக்கும் டாங்க்குக்கும் உள்ள இடைவெளி.
அவரை அளக்கவில்லை.

முதல் உதை, இரண்டாம் உதை, ஏழாவது.
தெரு முழுக்கப் புகை.
எதிர்வீட்டு மேரிஸ்டெல்லா
காயப்போட்ட துணிகளை வாரிக்கொண்டு ஓடினாள்.
உயரத்தில் காற்று மெலிசு;
மெயின் ஜெட் இரண்டு எண் சின்னதாகப் போட்ட பிறகுதான்
தொண்டை கரகரப்பு நின்றது.
ஆனால் இதே ஜெட்டோடு சமவெளியில் முறுக்கினால்
பிஸ்டன் மறுபடி இறுகும்.
பெரியதைத் தீப்பெட்டிக்குள் போட்டு
சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

இன்றிரவு லாரிக்குப் பின்னால் இறங்குகிறேன்.
ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும்
அவர் கண்ணாடியில் என் ஒற்றை விளக்கு
வந்து, போய், வந்து.
கட்டிலுக்கடியில்
கிரீஸ் தடவித் துணியில் சுற்றி
அந்த எட்டு அங்குலம் இருக்கிறது, அவருக்குத் தெரியாது.
வெல்டிங் வைத்தால் தழும்பு தெரியும்.
வாலின் அழகு போகும்.
இன்னும் முடிவு செய்யவில்லை.

கல்லாறில் காற்று கனக்கத் தொடங்கியதும்
லாரி இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டியது.
டார்ச்சோடு இறங்கி வந்து
கார்புரேட்டருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு
"மாத்து" என்கிறார்.