ஒலி மட்டும் வரவில்லை

நாற்பது லாரி. பேரம் பேசியிருந்தால் முப்பத்தைந்து.
குத்தைஸியில், ரியோனி ஆற்றுப் பாலத்தடிச் சந்தையில்,
செத்த சார்ஜர்களின் குவியலுக்கடியிலிருந்து
உருவி எடுத்தாள் நெஸ்தான்.
முதுகில் பாதி உரிந்த முயல் படம்.
திறந்தால் விளம்பரம். மூடப் போனாலும் விளம்பரம்.

மருந்துக்கடையில் இரவுப்பணி.
மணி அடித்தால்தான் ஆள்.
பழைய பஸ் அட்டையால் டேப்லெட்டின் விளிம்பைக் கிளப்பினாள்.
பலகையில் எள்ளளவு மூன்று புள்ளிகள்,
மூன்று கம்பிகள்.
இரண்டாவதைப் பற்றவைக்கையில் கை நடுங்கி
கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

பிறகு மடிக்கணினியில் எழுத்து ஓடியது,
மழைக்கு முந்திய எறும்புபோல.
நின்றது.
கெர்னல் பீதி, என்றது கடைசி வரி.
நீ பீதியடை,
எனக்கு ஆறு மணிவரை வேலை, என்றாள்.

பதினோராம் இரவு லினக்ஸ் விழித்தது.
இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறக்கிறது,
கண்ணாடிக்கு அந்தப்புறம் யாரோ நின்று
அவள் விரலை வாங்கிக்கொள்வதுபோல.
ஒரு வரியில் ஒரு சுழியத்தை ஒன்றாக்கினாள்.
அந்தப்புறம் நின்றவர் போய்விட்டார்.
கொஞ்சம் வெறிச்சென்றிருந்தது.

வைஃபை மனமிருந்தால் வரும்.
பேட்டரி ஐம்பது சதவீதம் என்றே சொல்லும்,
அணைகிற நொடியிலும் ஐம்பது.
ஒலி வரவேயில்லை.

இன்சுலின் குளிர்பெட்டியின் கதவில்
இரண்டு ரப்பர்பட்டையில் தொங்குகிறது இப்போது.
கறுப்பில் வெள்ளையாய்:
4.1

காலையில் முதலாளி ஜும்பேர் வந்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்க்கிறார்.
எவ்வளவு கொடுத்தாய்?

முப்பத்தைந்து.