எழுபத்தொன்றரை

மண்டியில் தராசு காலி.
சீசனின் கடைசி லாரி கிளம்பி நாலு நாளாகிறது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்,
ஜூன் முழுக்கப் பெங்களூராக் கூடைகள் நின்ற இடத்தில்.
எழுபத்தொன்றரை.
சந்திரப்பா சிட்டைப் புத்தகத்தைத் திறந்தேவிட்டார்:
"அழுகலுக்கு எவ்வளவு கழிக்கட்டும், மேடம்?"

கழிக்க ஒன்றுமில்லை.
போன மாதம்வரை நான் ஊருக்குச் சொன்ன கணக்கு
அறுபத்துநாலு.
பலகை வாங்கும்போது மட்டும் அது ஆகாது என்றான் திம்மராயன்.
படகு ஓட்டுகிறவன், என்னைவிடப் பதினாறு வயது சின்னவன்.
பொய்யான எடைக்கு வாங்கினால்
சரியான எடையை ஏரி சொல்லிவிடுமாம்,
கரையில் நிற்பவர்கள் முன்னால்.

மத்திகிரி. இருதயநாதன் வீட்டுக் கார் ஷெட்.
சுவரில் சாய்ந்து இரண்டு.

ஒன்று கறுப்பு, கார்பன்.
அறுபத்தைந்து அங்குலம், ஒல்லி இடுப்பு,
அடிவயிற்றில் நீளமாய்க் குடைந்த பள்ளம்.
சுண்டினால் ணங் என்றது.

மற்றது மஞ்சள். ஒருகாலத்தில் மஞ்சள்.
அறுபத்தேழு. மூக்கும் அகலம், வாலும் அகலம்.
ஓரத்தில் எம்சீல் வைத்து அடைத்த காயம்.
கால் வைக்கும் இடத்தில் மார்க்கரில் 'ரீனா' என்று யாரோ எழுதி
யாரோ தேய்த்துப் பார்த்து
'னா'வோடு விட்டிருக்கிறார்கள்.

நான் எடுத்தது கறுப்பைத்தான்.
விலைச்சீட்டைத் திருப்பாமல்
பட்டைத் தோளில் போட்டுப் பார்ப்பதுபோல.
அங்கே கண்ணாடி இல்லை. கார் ஜன்னலில் பார்த்தேன்.
பலகையைப் பிடித்து நின்றவள்
அறுபத்துநாலு கிலோ.

"என்ன வேகத்துல போறீங்க?"
"நாற்பது. காற்றிருந்தா முப்பத்தெட்டு."
"ஐம்பதைத் தொட்டாத்தான் இது வாய் திறக்கும்.
அதுக்குக் கீழ உங்களை முட்டிவரைக்கும் தண்ணில நிறுத்திவச்சு
வேடிக்கை பார்க்கும்."
விற்கிறவர் பேசுகிற பேச்சா இது?

திம்மராயன் மஞ்சளை இரண்டு செங்கல்மேல் கிடத்தி
நடுவில் உள்ளங்கையால் அழுத்தினான்.
வளைந்தது, ஒரு விரற்கடை.
கறுப்பு அசையவில்லை.
"நீங்க தப்பா சாஞ்சாலும் இது பொறுத்துக்கும்க்கா."
எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
என்னைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்
வீட்டிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.

"எந்தக் கால் முன்னால?"
தெரியாது. இதுவரை இரண்டு பலகை, இரண்டு கால்,
யார் முன் யார் பின் என்ற கேள்வியே வந்ததில்லை.
யோசித்துக்கொண்டிருந்தபோது
முதுகில் ஒரு தள்ளு.
விழாமலிருக்க முந்திக்கொண்டு போய் ஊன்றியது
இடது.
"இதான்" என்றான், மன்னிப்புக் கேட்காமல்.

இரண்டு வீட்டுக்குள்
வலது காலை எடுத்துவைத்துப் புகுந்தவள் நான்.
படியரிசியைத் தள்ளியதும் வலதுதான்.
யாரும் முதுகில் தள்ளிப் பார்க்கவில்லை.

பதினாலாயிரம் எண்ணிக் கொடுத்தேன்.
பாதி தீபாவளி போனஸ், வரவில்லை இன்னும்,
சந்திரப்பாவிடம் கைமாற்று.
பேருந்தில் நடத்துநர் மஞ்சளுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

ஞாயிறு, பாரூர் ஏரி, ஆறரை மணி.
மீன்குத்தகைக்காரர் வலை போடாத மேற்குப் பக்கம்.
நாலு முறை மூக்கு நிறையத் தண்ணீர்.
ஐந்தாவதில் கயிறு விறைத்தது,
வலது கால் பின்னால் வெறுமனே இழுபட்டு வந்தது, வாலாக,
பிறகு தானே தேடி வாருக்குள் நுழைந்தது.
நீர்க்காகங்கள் எழுந்தன.
நானும்.

எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள்.
திம்மராயன் எண்பது மீட்டர் என்கிறான்,
அவன் கணக்கில் எப்போதும் அழுகல் கழிக்க வேண்டும்.

கறுப்பு இன்னும் விற்கவில்லையாம்.
நேற்று போன் போட்டேன்.
சும்மா,
விசாரிக்கத்தான்.