எழுபத்தொரு சதவீதம்

வெலிங்டன் பாரக்ஸ் பஸ் நிறுத்தத்தில்
என் கடைக்குப் பெயர் பிரியன் ஜெராக்ஸ்.
யார் மேல் பிரியம் என்று
காலேஜ் பிள்ளைகள் கேட்பார்கள்.
கரண்ட் இருந்தால் எல்லார் மேலும் என்பேன்.

மார்ச் மாதம். மூடுபனி இறங்காத காலை.
பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள்
மழைக்கோட்டுக்குள்ளிருந்து பெரிய தாள் ஒன்றை எடுத்து
மேஜையில் விரித்தாள்.
பெயர் மொரீன் கோவால்ஸ்கி.
ஊர் பென்சில்வேனியா என்றாள்.
பென்சில் மட்டும் என் காதில் நின்றது.

குழாயில் எச்சில் துப்பி அனுப்பினாளாம்,
கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்பினார்களாம்:
போலந்து நாற்பத்திரண்டு
அயர்லாந்து முப்பத்து மூன்று
ஜெர்மனி பத்தொன்பது
மிச்சம் ஆறு யாருடையதோ.
"ஆனாலும் நான் ஐரிஷ்" என்று
நெஞ்சில் கை வைத்தாள்.
நாற்பத்திரண்டு ஏன் தோற்றது என்று
நான் கேட்கவில்லை.
தேர்தலில் பார்க்காததா.

உருளைக்கிழங்கு கருகிய வருஷம்
அண்ணன் மேற்கே கப்பல் ஏறினான், நிலக்கரி வெட்ட.
தம்பி கிழக்கே, கும்பினித் துப்பாக்கி தூக்க.
சொல்லும்போதே
ஊட்டிக் கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி
கடையைக் கடந்து போனது.
வளைவு வரைக்கும் அதையே பார்த்தாள்.

தம்பி பெயர் திமோதி ஓ'பிரையன்.
மேட்டுக் கல்லறையில் கல் கிடைத்துவிட்டது,
பாசி சுரண்டிய நகத்தைக் காட்டினாள்.
"ஓ என்றால்?"
"பேரன். பிரையனின் பேரன்."
"அப்படியானால் இனிஷியல்."
சிரித்தாள். ஒரு வகையில் ஆமாம் என்றாள்.

என் ரேஷன் அட்டையில் ஓ. பிரியன்.
ஓ யாரு, உங்க அப்பாவா என்று
தாலுகா ஆபீசில் கேட்டபோது
என் அப்பா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்:
ஓபுளிசாமி.
மகளின் சாதிச் சான்றிதழுக்கு நான் போய் நின்றால்
ஓபுளிசாமி என்ன ஆளுங்க என்று
அங்கிருந்து தொடங்குகிறார்கள்.
சேலத்திலிருந்து காபிக்கன்று நட வந்த மாரியாயி,
அவள் மகனுக்குப் பெண் கொடுத்த ரயில்வே கலாசி,
கோலாரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்த என் அம்மா,
பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் வாங்கித் தந்த
இந்தப் பூனைக்கண்,
எல்லாவற்றுக்கும் படிவத்தில் ஒரே கட்டம்.

பெரிய மரம் சின்னத் தாளில் அடங்க
எழுபத்தொரு சதவீதம் வைக்க வேண்டும்.
வைத்தேன்.
வெளிச்சம் கிளைகளைத் தடவிக்கொண்டு
எட்டு முறை போய் வந்தது.
பதினாறு ரூபாய்.
இருபதைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்று
குன்னூர் பஸ்ஸுக்கு ஓடினாள்.

ரிஷிமூலம் நதிமூலம் கேட்காதே என்பார்கள்.
ஜெராக்ஸ் கடையில் தினமும் கேட்கிற கேள்வி அதுதான்:
மூலம் எங்கே?
எல்லாரையும் போல
அவளும் கண்ணாடியிலேயே விட்டுப் போயிருந்தாள்.

மூடியைத் தூக்கினேன்.
அண்ணன் பக்கம் கிளை தாள் விளிம்பை முட்டி நின்றது,
ஒரு நாய்க்குட்டிக்குக்கூட கட்டம் போட்டிருந்தார்கள்.
தம்பி பக்கம் ஒரே வரி.
வெலிங்டன், மதராஸ். வாரிசு இல்லை.

பேனா மூடியைப் பல்லால் கழற்றினேன்.
இல்லை என்பதை அடிக்கவா
அதன் அடியில் கோடு இழுத்து மாரியாயி என்று எழுதவா
எந்த மொழியில் எழுத,
அவளே கைநாட்டு

படியில் மூச்சிரைக்கும் சத்தம்.
தாளைக் கொடுத்தேன்,
நாலு ரூபாயையும் சேர்த்து.
"உங்கள் கண்..." என்று தொடங்கினாள்.
டிரைவர் ஹார்ன் அடித்தார்.

தட்டில் ஒன்பதாவதாக ஒன்று கிடந்தது,
குறுக்கே கறுப்புக் கோடு ஓடி
காசு வாங்க முடியாத பிரதி.
பின்பக்கம் வெள்ளை.
மகளுக்கு ரஃப் நோட்டுக்கு ஆகும்.