முன்னோடி

என் மார்பில் குத்தியிருக்கும் அட்டையில் பெயர் இல்லை.
'வேகம்' என்று மட்டும் போட்டிருக்கிறது.
ஹாம்பர்க், ஏப்ரல் குளிர், ஏரியைச் சுற்றும் சாலை.
கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி,
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
முப்பதில் ஒதுங்கிவிட வேண்டும்.
அதுவரை தாரூஸை இழுத்துக்கொண்டு போனால் கூலி.

தாரூஸின் மூச்சு எனக்குப் பதினொரு வருடப் பழக்கம்.
இரண்டு உள்ளே, இரண்டு வெளியே,
மாடு பற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி.

காப்டகாட்டில் செவ்வாய்க்கிழமைகள்:
ஆயிரம் மீட்டர், பன்னிரண்டு முறை.
மழைக்கு மறுநாள்
காலணியோடு அரைக்கிலோ செம்மண்ணும் சேர்ந்து ஓடும்.
பன்னிரண்டாவதை நான் தனியாக ஓடுவேன்.
கோட்டைத் தாண்டி விழுந்து
முழங்காலை ஊன்றி
காலைத் தேநீரைக் கக்குவேன்.
உயிரைக் கொடுத்து ஓடுகிறான் என்பார்கள்.
கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாரூஸ் பதினொன்றோடு நிறுத்தி
காலுறையை உதறிக்கொண்டிருப்பான்.
"ஏன், பயமா?" என்றேன் ஒருமுறை.
"வியாழக்கிழமை இருக்கிறதே" என்றான்.

எனக்கு வியாழக்கிழமையே இருந்ததில்லை.
பத்தொன்பதில் பதக்கம்.
இருபதில் கணைக்கால் எலும்பில் மயிரிழை விரிசல்.
இருபத்திரண்டில் மற்றக் காலில்,
பங்காளிக்கும் பாகம் வேண்டும் என்பது போல.
இருபத்து நான்கில்
இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த எல்டோரெட் மருத்துவர்
என் வயதை இரண்டு முறை கேட்டார்.

அந்த வருடங்களில் தாரூஸ்
கொஞ்சம் கொஞ்சமாக,
எடை போட்ட பிறகு கடைக்காரர் அள்ளிப் போடும்
கொசுறு அளவுக்கு,
கூடிக்கொண்டே வந்தான்.
யாரும் கை தட்டவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை,
முப்பதாவது வயதில் அவன் ஜெயிக்கத் தொடங்கும்வரை.

என்னைப் பற்றிப் பேசும்போது
'திறமை இருந்தது' என்பார்கள்.
அந்த 'இருந்தது' எந்தத் தேதியோடு முடிந்தது என்று
கேட்க வேண்டும் போலிருக்கும்.

பிறகு இந்த வேலை.
முப்பதில் நிற்கப் பழகுவதற்கு
ஓடப் பழகியதைவிட அதிக நாள் ஆனது.
முதல் முறை ஓரமாக நின்று அழுதேன்.
மழை என்று சொல்லிவிட்டேன். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

நான்கு வருடம். வருடத்திற்கு ஆறு பந்தயம்.
ஒன்றில்கூட நான் தீர்ந்துபோகவில்லை.
காசுக்காக மிச்சம் வைத்தேன்.
வைத்த மிச்சம் எங்கே போகிறது என்று
யோசித்துப் பார்த்ததில்லை,
இன்று, இருபத்தேழாவது கிலோமீட்டரில்,
பாலம் ஏறுகிற இடம்வரை.

பின்னால் மூச்சு மாறியது.
ஒன்று உள்ளே, இரண்டு வெளியே.
கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐம்பத்தெட்டு.
வேகத்தில் பிழையில்லை.
என்னுடைய மூச்சைத் தேடிப் பார்த்தேன்.
இரண்டு உள்ளே.
இரண்டு வெளியே.

முப்பது என்று எழுதிய பலகை வந்தது.
போனது.
ஐம்பது மீட்டர், நூறு மீட்டர்,
என் கால்களுக்கு எழுதப்படிக்கத் தெரியாது.
"வா" என்றான் தாரூஸ்.
வெட்டிப்போன குரலில், ஒரே சொல்.
பன்னிரண்டு கிலோமீட்டர் மீதி இருந்தது.
எனக்குள் அதற்கு மேலும் இருந்தது, அல்லது
இருப்பது போலிருந்தது. பத்தொன்பதிலும்
இப்படித்தான் இருந்தது.

இடப்பக்கம் ஒதுங்கினேன்.

பயமா என்று கேட்டுக்கொண்டேன்.
இல்லை என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.
ஒரு பெண் வெள்ளித்தாள் போர்வையைப் போர்த்தி
காயமா என்று கேட்டாள்.
அவளுக்கும் பதில் சொல்லவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம்.
தொடைகள் துடித்துக்கொண்டே இருக்கின்றன,
அவிழ்த்துவிடச் சொல்லும் கன்றுகள்.
தாரூஸ் இப்போது எந்தத் திருப்பத்தில் இருப்பான்,
தெரியவில்லை.
இன்று ஞாயிறு.
விரல் விட்டு எண்ணுகிறேன்.
வியாழனுக்கு இன்னும் நான்கு நாள்.